வளரும் நாடுகளுக்கு உதவுவது எப்படி? நிலையான வளர்ச்சி இலக்குகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த இலக்குகளைப் பற்றிப் பேச்சு வந்தால் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்கு நாலு வரி போதும். சிலவற்றுக்குக் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

நிலையான வளர்ச்சி இலக்குகள் என்றால் என்ன?

2015 செப்டம்பர் 25 அன்று ஐ.நா.வின் 193 உறுப்பு நாடுகளும் ஏற்றுக்கொண்ட 17 இலக்குகள். வறுமை, பசி, உடல்நலம், கல்வி, குடிநீர், மின்சாரம், பருவநிலை என்று பட்டியல் நீளும். அவற்றுக்குள் 169 துணை இலக்குகள் உண்டு. கெடு 2030. இதற்கு முன்பு 2000 முதல் 2015 வரை எட்டு இலக்குகள் கொண்ட இன்னொரு பட்டியல் இருந்தது. அது பெரும்பாலும் ஏழை நாடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இப்போதைய பட்டியலில் பணக்கார நாடுகளுக்கும் வேலை இருக்கிறது. சட்டம் எதுவும் அவர்களைக் கட்டாயப்படுத்தாது. கொடுத்த வாக்கு மட்டும்தான் பிடி.

2030க்குள் எட்டிவிட முடியுமா?

முழுதாக முடியாது. 2025ஆம் ஆண்டு ஐ.நா. அறிக்கையின்படி, கணக்கிட முடிந்த துணை இலக்குகளில் சுமார் 35 சதவீதம்தான் சரியான பாதையில் செல்கின்றன, அல்லது ஓரளவு முன்னேறியிருக்கின்றன. 18 சதவீதம் 2015இல் இருந்த இடத்தைவிடப் பின்னால் போய்விட்டன.

இதைப் படித்துவிட்டு "அப்ப எல்லாம் வீண்தானே" என்று கையை உதறுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. 1990இல் ஐந்து வயதை எட்டாமல் இறந்த குழந்தைகள் 1.2 கோடிக்கும் மேல். 2022இல் அந்த எண்ணிக்கை 49 லட்சம். இன்னும் 49 லட்சமா என்று நெஞ்சு பதறுகிறது, சரி. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் எழுபது லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிழைத்துக்கொள்கிறார்கள் என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது. தடுப்பூசி, கொசுவலை, உப்புக் கரைசல், தாய்மார்களின் படிப்பு எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது.

எவ்வளவு பணம் தேவைப்படுகிறது?

வளரும் நாடுகள் இந்த இலக்குகளை எட்ட ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் கோடி டாலர் பற்றாக்குறை என்று ஐ.நா.வின் வர்த்தக, வளர்ச்சி அமைப்பு 2023இல் கணக்கிட்டது. பணக்கார நாடுகள் எல்லாம் சேர்ந்து 2024இல் கொடுத்த அரசு உதவி சுமார் 21,200 கோடி டாலர். அதாவது அந்தப் பள்ளத்தோடு வைத்துப் பார்த்தால் உதவி இருபதில் ஒரு பங்கு அளவுதான்; தேவைக்கும் வரவுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

ஆகவே உதவி என்றதும் நன்கொடையை மட்டும் நினைப்பது பாதிப் பார்வைதான். கடனுக்கு எவ்வளவு வட்டி, வரி எங்கே கசிகிறது, விளைந்த பொருளை என்ன விலைக்கு வாங்குகிறோம், ஊருக்குப் பணம் அனுப்ப எவ்வளவு கட்டணம்: இவையும் உதவிதான், அல்லது உபத்திரவம்தான். கீழே ஒவ்வொன்றாக வருகிறேன்.

பணக்கார நாடுகள் சொன்ன அளவு கொடுக்கின்றனவா?

இல்லை. தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை உதவியாகக் கொடுக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச் சபை தீர்மானித்தது 1970இல். நார்வே, ஸ்வீடன், டென்மார்க், லக்சம்பர்க் போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகள் மட்டுமே அதைத் தொடர்ந்து காப்பாற்றி வந்திருக்கின்றன. 2024இல் கொடையாளர் நாடுகளின் மொத்தச் சராசரி 0.33 சதவீதம், வாக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை.

அந்தப் பாதியிலும் ஒரு பகுதி ஏழை நாட்டுக்குப் போவதே இல்லை. தங்கள் நாட்டுக்கு வரும் அகதிகளை முதல் ஓராண்டு பராமரிக்கும் செலவையும் உதவிக் கணக்கில் எழுதிக்கொள்ள விதி இடம் தருகிறது. 2023இல் அது மொத்த உதவியில் ஏழில் ஒரு பங்கு அளவுக்கு இருந்தது. அகதிகளைக் காப்பது நல்ல காரியம்தான். ஆனால் அதைக் கணக்கில் எழுதி, ஆப்பிரிக்க நாடான மலாவியின் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டியதைக் குறைத்தால் எப்படி?

2025 நிலைமையை இன்னும் மோசமாக்கியது. அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி முகமையின் திட்டங்களில் 83 சதவீதத்தை ரத்து செய்வதாக அந்த மார்ச்சில் அறிவித்தது; ஜூலையில் முகமையே மூடப்பட்டது. பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ் ஆகியவையும் குறைத்தன. ஒரு கிளினிக்கில் எச்.ஐ.வி. மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தவருக்கு இது பட்ஜெட் செய்தியல்ல. அடுத்த மாதம் மாத்திரை இருக்குமா என்ற கேள்வி.

கொடுக்கும் பணமெல்லாம் ஊழலில்தானே போகிறது?

இதை ஒதுக்கித் தள்ளக்கூடாத கேள்வியாகத்தான் நினைக்கிறேன். உதவியை அதிகமாக நம்பியிருக்கும் 22 நாடுகளை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வை உலக வங்கி 2020இல் வெளியிட்டது. உதவித் தொகை வந்து சேரும் காலாண்டுகளில் அந்த நாட்டுக்காரர்களின் வெளிநாட்டு ரகசியக் கணக்குகளும் பெருத்தன. சராசரிக் கசிவு சுமார் 7.5 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். அது சின்னத் தொகையல்ல. "எல்லாமே போகிறது" என்பதும் உண்மையல்ல.

கசிவை அடைக்க முடியும் என்பதற்கு உகாண்டாவைப் பாருங்கள். 1990களின் முதல் பாதியில், மாணவர் தலைக்கு இவ்வளவு என்று அரசு ஒதுக்கிய பள்ளி மானியத்தில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மிச்சம் மாவட்ட அளவிலேயே நின்றுவிட்டது. இது தெரிந்த பிறகு அரசு ஓர் எளிய வேலை செய்தது. எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்று பத்திரிகையில் போட்டது. பள்ளிகளும் தாங்கள் பெற்ற தொகையைச் சுவரில் ஒட்டவேண்டும் என்றது. தலைமையாசிரியருக்கு "எனக்கு வரவேண்டியது இவ்வளவு" என்று தெரிந்துவிட்டால், "வரவில்லையே" என்று அவரால் கேட்க முடியும். 2001 வாக்கில் 80 சதவீதத்துக்கும் மேல் பள்ளிகளை எட்டியது. பத்திரிகை விளம்பரம் மட்டுமே காரணமல்ல, கூடவே வேறு சீர்திருத்தங்களும் நடந்தன என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் சொன்னார்கள். சரி. ஆனாலும் சுவரில் ஒட்டிய அந்தக் காகிதத்தை நான் எளிதில் விடமாட்டேன். பணத்தைத் தொடும் ஒவ்வொரு கைக்கும் சாட்சி இருந்தால் கை கூசும்.

ஊழலைக் காட்டிப் பணத்தை நிறுத்தினால் முதலில் பட்டினி கிடப்பவர் திருடியவர் இல்லை என்பதையும் மறக்கக்கூடாது.

உதவி உண்மையிலேயே பலன் தந்ததற்கு எடுத்துக்காட்டு உண்டா?

நிறைய. கினியா புழு நோயை எடுத்துக்கொள்ளுங்கள். 1986இல் சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்தது. இதற்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. குடிநீரைத் துணியில் வடிகட்டுவது, புழு வெளிவரும் புண்ணோடு குளத்தில் இறங்காமல் பார்த்துக்கொள்வது என்ற இரண்டையும் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2023இல் மனிதர்களிடையே உலகம் முழுவதும் பதிவானது 14 பேர்.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு வங்கதேசத்தில் நடந்தது. வயிற்றுப்போக்கால் குழந்தைகள் கொத்துக்கொத்தாக இறந்துகொண்டிருந்த காலம். உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த தண்ணீர் உயிரைக் காக்கும் என்று மருத்துவர்களுக்குத் தெரியும். ஆனால் பொட்டலத்தை நாடு முழுக்க யார் கொண்டுசேர்ப்பது? 1980இல் பிராக் என்ற உள்நாட்டுத் தொண்டு நிறுவனம், வெளிநாட்டுக் கொடையாளர்களின் பணத்தோடு வேறு வழியில் இறங்கியது. பெண் பணியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். தாய் தன் வீட்டுப் பாத்திரத்தில், தன் கையாலேயே கலந்து காட்ட வேண்டும்.

இதில் நுட்பமான இடம் சம்பளம். எத்தனை வீட்டுக்குப் போனாய் என்று கணக்குப் பார்த்துக் கூலி கொடுக்கவில்லை. சில வாரங்கள் கழித்து இன்னொருவர் வந்து, அந்த வீடுகளில் சிலவற்றைப் பொறுக்கியெடுத்து, தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று கேட்பார். கலக்கச் சொல்லி அந்தக் கரைசலின் மாதிரியை எடுத்துப் போய்ச் சோதிப்பார்கள். தாய்க்கு நினைவிருந்தால்தான் பணியாளருக்கு முழுக்கூலி. சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவது வேறு, கற்றுக்கொண்டார்களா என்பது வேறு என்ற வேறுபாட்டைக் கூலியிலேயே கட்டிவைத்தார்கள். பத்து ஆண்டில் 1.2 கோடி வீடுகளுக்கு மேல் போனார்கள். திட்டம் முடிந்தது, கைப்பக்குவம் வீட்டில் தங்கிவிட்டது. தாயிடமிருந்து மகளுக்குப் போனது.

உதவி பலித்ததா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான். கொடுத்தவர் கிளம்பிப் போன பிறகு அங்கே என்ன மிஞ்சுகிறது?

அப்படியானால் பல திட்டங்கள் ஏன் இரண்டு மூன்று வருடத்தில் படுத்துவிடுகின்றன?

கட்டுவதற்குப் பணம் கிடைக்கிறது. பராமரிக்கக் கிடைப்பதில்லை. திறப்பு விழாவுக்குப் புகைப்படம் உண்டு. வாஷர் மாற்றுவதற்கு யார் புகைப்படம் எடுப்பார்கள்?

அடிபம்பைப் பார்த்தால் முழுக்கதையும் புரியும். ஆழ்துளைக் கிணறு போட்டு பம்பு வைக்க ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். அதற்குள் தேயும் ரப்பர் வாஷர் சில டாலர்தான். ஒரு நாள் கைப்பிடியை அடித்தால் தண்ணீர் வரத் தாமதமாகிறது. பத்து அடிக்கு வந்தது இருபது அடிக்கு வருகிறது. பிறகு வெறும் காற்று. வாஷர் போய்விட்டது. அதை மாற்ற, சில வகை பம்புகளில் பூமிக்குள் இருக்கும் இரும்புக் குழாய்களை ஒவ்வொன்றாக மேலே இழுக்க வேண்டும். அதற்கு ஆளும் கருவியும் வேண்டும். ஊர்க்காரர்களே பிரித்து மாட்டட்டும் என்றுதான் 1980களில் ஆஃப்ரிடெவ் என்ற பம்பை வடிவமைத்தார்கள். அதிலும் உதிரி பாகம் விற்கும் கடை எண்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தால் என்ன செய்வது? சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில், எந்த நாளில் போய்ப் பார்த்தாலும் நான்கில் ஒரு அடிபம்பு வேலை செய்யாமல் கிடக்கும் என்பது நீர்த்துறைக்காரர்களின் பொதுவான கணக்கு. பம்பு நின்றால் பெண்களும் பிள்ளைகளும் பழைய குட்டைக்கே குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

கென்யாவின் கியூசோ பகுதியில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு விதமாக யோசித்தார்கள். பம்பின் கைப்பிடிக்குள் சிறிய கைபேசிக் கருவியை வைத்தார்கள். கைப்பிடி அசைவதை வைத்து அது செய்தி அனுப்பும். அசைவு நின்றால் மெக்கானிக் கிளம்பிவிடுவார். முன்பு ஒரு பம்பு பழுதானால் சராசரியாக 27 நாள் கிடக்கும். சோதனைக் காலத்தில் மூன்று நாளுக்குள் சரியானது. அதற்குப் பிறகு உள்ளூர் நிறுவனமாகவே பராமரிப்பு சேவை தொடங்கப்பட்டது. ஊர் மாதாமாதம் சிறு தொகை கட்டும். அதோடு சேர்ந்த ஒரு பொது நிதியில் அரசும் கொடையாளர்களும் போடுவார்கள். கருவியைவிட முக்கியமானது அந்த மாதாந்தர ஏற்பாடு. ஊர்க்காரர்கள் பணமே கட்டமாட்டார்கள் என்று பலர் சொல்வார்கள். பம்பு ஓடினால் கட்டுகிறார்கள். ஓடாத பம்புக்கு யார் கட்டுவார்கள்?

அடிபம்புக்குச் சொன்னது மருத்துவமனைக்கும் பொருந்தும். கட்டடம் ஒரு தடவைச் செலவு. செவிலியர் சம்பளம் ஒவ்வொரு மாதமும் வரும் செலவு.

கொடையாளர்கள் அடிக்கடி செய்யும் தவறுகள் எவை?

முதலாவது, "பணம் தருகிறேன், ஆனால் என் நாட்டு நிறுவனத்திடமே பொருள் வாங்கு" என்ற நிபந்தனை. இதனால் செலவு 15 முதல் 30 சதவீதம் வரை ஏறும் என்பது நீண்ட காலமாகத் தெரிந்த கணக்கு. அப்புறம், ஒவ்வொரு கொடையாளருக்கும் தனிப் படிவம், தனி அறிக்கை, தனி ஆய்வுக் குழு. டான்சானியா ஒரு கட்டத்தில் பட்ஜெட் தயாரிக்கும் மாதங்களில் வெளிநாட்டுக் குழுக்கள் வரவேண்டாம் என்று 'அமைதிக் காலம்' அறிவிக்க வேண்டியிருந்தது. வருகிறவர்களை வரவேற்கவே அதிகாரிகளுக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. 2005இல் பாரிஸில் கூடி, இனிமேல் அந்தந்த நாட்டின் திட்டத்தையும் அமைப்புகளையும் பயன்படுத்துவோம் என்று எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். கையெழுத்தில் பெரும்பகுதி காகிதத்திலேயே நிற்கிறது.

கடன் எப்படி இதில் வருகிறது?

கழுத்தைப் பிடிக்கும் இடமே அதுதான். கல்விக்கோ மருத்துவத்துக்கோ செலவிடுவதைவிடக் கடன் வட்டிக்கு அதிகம் செலவிடும் நாடுகளில் சுமார் 340 கோடிப் பேர் வாழ்கிறார்கள் என்கிறது ஐ.நா.

ஆப்பிரிக்க நாடான சாம்பியாவின் கதையைச் சொல்கிறேன். 2005இல் அதன் பழைய கடனில் பெரும்பகுதி தள்ளுபடியானது. 2006 ஏப்ரலில் கிராமப்புற அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளிடம் வாங்கிவந்த கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். கடன் தள்ளுபடி ஓர் ஏழைத் தாயின் கைக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை. அதன் பிறகு அந்நாடு பத்திரச் சந்தையிலும் சீனாவிடமும் மறுபடி நிறையக் கடன் வாங்கியது. செம்பு விலை விழுந்தது, கொரோனா வந்தது. 2020 நவம்பரில் தவணை கட்ட முடியாமல் போனது. கடனைச் சீரமைக்க ஜி20 நாடுகள் உருவாக்கிய பொது ஏற்பாட்டில் விண்ணப்பித்தது. கடன் கொடுத்த அரசுகள் ஒரு முடிவுக்கு வந்தது 2023 ஜூனில், பத்திரம் வாங்கி வைத்திருந்தவர்கள் 2024இல். மூன்றரை ஆண்டு இழுபறி. தப்பு சாம்பியா மீதும் உண்டு, மறைக்க வேண்டாம். ஆனால் அந்த இழுபறிக் காலத்தில் பள்ளியில் இருந்த பிள்ளைகளுக்கு அந்த மூன்றரை ஆண்டு திரும்பி வராது.

செய்யக்கூடியது உண்டு. ஏழை நாடுகளின் பத்திரக் கடன்களில் பெரும்பாலானவை நியூயார்க் சட்டத்தின் கீழோ இங்கிலாந்துச் சட்டத்தின் கீழோ எழுதப்பட்டவை. பழைய தள்ளுபடித் திட்டத்தில் வரும் நாடுகள் மீது, கடன் கொடுத்தவர்கள் தள்ளுபடிக்கு ஒப்பாமல் முழுத்தொகை கேட்டு வழக்குப் போடுவதை பிரிட்டன் 2010இல் ஒரு சட்டத்தால் தடுத்தது. புதிய கடன்களுக்கும் அதேபோல் செய்தால் ஒரு காசு உதவி கொடுக்காமலே பெரிய உதவி ஆகிவிடும்.

ஏழை நாடுகள் தங்கள் வரியிலேயே செலவிடக்கூடாதா?

அதுதான் கடைசியில் நடக்க வேண்டியது. நாட்டு உற்பத்தியில் 15 சதவீதமாவது வரியாக வந்தால்தான் அரசு அடிப்படை வேலைகளைச் செய்ய முடியும் என்பது உலக வங்கியும் சர்வதேச நாணய நிதியமும் சொல்லும் அளவு. பல ஏழை நாடுகள் அதற்குக் கீழே இருக்கின்றன.

ஒரு காரணம், பன்னாட்டு நிறுவனங்கள் லாபத்தை வரி இல்லாத தீவில் உள்ள தங்கள் கிளைக்கே 'கட்டணம்', 'வட்டி' என்று அனுப்பிவிடுவது. சுரங்கம் இங்கே, லாபம் அங்கே. இதைப் பிடிக்க அனுபவசாலி தணிக்கையாளர் தேவை. 2015இல் தொடங்கிய 'எல்லையற்ற வரி ஆய்வாளர்கள்' என்ற திட்டம் அதைத்தான் செய்கிறது. வேறொரு நாட்டின் வரித்துறை ஆள் வந்து உள்ளூர் அதிகாரியின் பக்கத்தில் உட்கார்ந்து, உண்மையான கோப்பை எடுத்துவைத்து, எங்கே என்ன கேட்க வேண்டும் என்று காட்டுகிறார். இதனால் வளரும் நாடுகளுக்கு 200 கோடி டாலருக்கும் மேல் கூடுதல் வரி வந்திருக்கிறது. ஆள் திரும்பிப் போனாலும் கேள்வி கேட்கத் தெரிந்தவர் அலுவலகத்தில் மிஞ்சுகிறார்.

ஏழைகளிடம் பணமாகவே கொடுத்தால் குடித்துத் தீர்த்துவிடமாட்டார்களா?

மாட்டார்கள். உலக வங்கி ஆய்வாளர்கள் 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பணம் கிடைத்ததால் மது, புகையிலைச் செலவு கூடியதாகத் தெரியவில்லை. மெக்சிகோ 1997இல் பிள்ளைகள் பள்ளிக்கும் சுகாதார நிலையத்துக்கும் போகவேண்டும் என்ற நிபந்தனையோடு தாயின் கையில் பணம் கொடுக்கத் தொடங்கியது. 506 கிராமங்களை எடுத்துக்கொண்டு, சிலவற்றில் முதலிலும் மற்றவற்றில் பிறகும் தொடங்கியதால், பலனை ஒப்பிட்டு நிரூபிக்க முடிந்தது. 2000இல் ஆட்சி மாறியபோதும் திட்டம் பிழைத்தது, விரிந்தும் போனது. அதைப் பார்த்துப் பல நாடுகள் தங்களுக்கு ஏற்றபடி செய்துகொண்டன.

வர்த்தகத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

கரீபியன் தீவு நாடான ஹைட்டியைக் கேளுங்கள். 1990களின் நடுவில் வெளி அழுத்தத்தால் அங்கே அரிசி இறக்குமதி வரி 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அமெரிக்க அரசின் மானியத்தோடு விளைந்த அரிசி வந்து குவிந்தது. தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியைத் தானே விளைவித்த நாட்டில் விவசாயிகள் வயலை விட்டு நகரத்துக்குப் போனார்கள். அந்தக் கொள்கையைத் தள்ளிய முன்னாள் அமெரிக்க அதிபர் பில் கிளின்டனே 2010இல் செனட் குழு முன் அது தவறு என்று ஒப்புக்கொண்டார். ஒரு கையால் உணவு உதவி கொடுத்து, மறு கையால் உழவரின் பிழைப்பைப் பறித்த கதை.

வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் அனுப்பும் பணம் உதவியாகுமா?

எந்த அரசு உதவியையும்விடப் பெரியது அது. 2023இல் வளரும் நாடுகளுக்கு இப்படி வந்தது சுமார் 65,600 கோடி டாலர். ஆனால் 200 டாலர் அனுப்பினால் சராசரியாக 6 சதவீதத்துக்கு மேல், அதாவது 12 டாலருக்கு மேல், கட்டணமாகப் போகிறது. 2030க்குள் இதை 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது 17 இலக்குகளுக்குள்ளேயே எழுதப்பட்ட வாக்குறுதி. வெயிலில் உழைத்தவரின் பணத்தில் கைவைப்பதை நிறுத்த எந்த நாட்டுக்கும் பெரிய நிதி தேவையில்லை.

பருவநிலை மாற்றச் செலவை யார் ஏற்பது?

புகையை விட்டவர்கள் ஏற்க வேண்டும். உலகக் கரியமில வாயுவில் ஆப்பிரிக்கா முழுவதின் பங்கு சுமார் 4 சதவீதம்தான். 2022 வெள்ளத்தில் பாகிஸ்தானில் 3.3 கோடிப் பேர் பாதிக்கப்பட்டார்கள். சேதமும் இழப்பும் சேர்ந்து சுமார் 3,000 கோடி டாலர். அதற்கு வந்த உதவி அறிவிப்புகளில் பெரும்பகுதி கடன். வீட்டை இழந்தவரிடம் கடன் பத்திரம் நீட்டுவது எனக்கு ஒப்பவில்லை. வளரும் நாடுகளின் பருவநிலைச் செலவுக்கு ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருவோம் என்று பணக்கார நாடுகள் 2009இல் சொன்ன வாக்கு, 2020 கெடுவைத் தாண்டி 2022இல்தான் நிறைவேறியது. 2024இல் அஜர்பைஜானின் பாகு நகரில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில் புதிய இலக்காக 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று முடிவானது.

புள்ளிவிவரத்துக்கு ஏன் பணம் செலவழிக்க வேண்டும்? அதைச் சோறாகக் கொடுக்கலாமே?

யாருக்குச் சோறு இல்லை என்று தெரியவேண்டுமே. 1984 முதல் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடுகளில் மக்கள்தொகை, சுகாதார ஆய்வு என்ற வீட்டுக் கணக்கெடுப்பு நடந்துவந்தது. பயிற்சி பெற்ற பெண் ஒருவர் வாசலில் உட்கார்ந்து, எத்தனை பிள்ளை பெற்றீர்கள், எத்தனை இருக்கின்றன என்று மெதுவாகக் கேட்பார். குழந்தையை எடைபோடுவார், பலகையில் கிடத்தி நீளம் அளப்பார். பல நாடுகளில் குழந்தை இறப்பு பற்றி நமக்குத் தெரிந்ததே இப்படித்தான். அமெரிக்கப் பணத்தில் நடந்த அந்த ஆய்வு 2025 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. அளப்பவர் போய்விட்டால் குழந்தை மெலிவது நிற்காது. நமக்குத் தெரிவதுதான் நிற்கும்.

தனி மனிதர் என்ன செய்யலாம்?

பொருளாக அனுப்பாமல் பணமாகக் கொடுங்கள். பழைய துணி மூட்டை துறைமுகத்தில் இடத்தை அடைக்கும். அனாதை இல்லங்களுக்குத் தொண்டு செய்யக் கிளம்பும் முன் யோசியுங்கள். அங்கே இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடிருக்கிறார். வறுமைதான் பிள்ளையை அங்கே கொண்டுவந்து விட்டது. அந்தப் பணம் வீட்டுக்கே போனால் பிள்ளையும் வீட்டிலேயே இருக்கும். பணக்கார நாட்டில் வாக்குரிமை இருந்தால், 0.7 சதவீதம் என்ன ஆயிற்று என்று உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். இப்படிக் கேட்பவர் மிகக் குறைவு, அதனால் ஒரு கடிதமும் கணக்கில் வரும்.

சிறிய தொண்டு அமைப்பு நடத்துகிறோம். ஒரு திட்டத்தைத் தொடங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

அந்த ஊர்க்காரர்கள் அதைக் கேட்டார்களா என்று முதலில் பாருங்கள். அரசு ஏற்கெனவே அங்கே ஏதாவது செய்கிறதா? செய்தால் அதற்குப் பக்கத்தில் போட்டியாக ஒன்றைக் கட்டாதீர்கள், அதையே வலுவாக்குங்கள். கூடுதல் சம்பளம் கொடுத்து அரசுச் செவிலியரை உங்கள் பக்கம் இழுக்காதீர்கள். ஒரு கிளினிக் திறந்து இன்னொன்றை மூடிய கணக்காகிவிடும்.

பிறகு செலவுத் தாளை எடுத்து வையுங்கள். கட்டும் செலவுக்குக் கீழே, ஐந்தாம் ஆண்டின் செலவு என்று ஒரு வரி எழுதுங்கள். உதிரி பாகம் எவ்வளவு, எந்தக் கடையில் கிடைக்கும், யார் போய் வாங்குவார், அவருக்கு வழிச்செலவு யார் தருவார்? இந்த நாலுக்கும் உள்ளூர் ஆள் ஒருவர் பதில் சொல்ல வேண்டும், நீங்கள் அல்ல. அவருக்குப் பதில் தெரியும் வரை குழி தோண்ட ஆரம்பிக்காதீர்கள்.

2030க்குப் பிறகு என்ன?

2024 செப்டம்பரில் ஐ.நா.வில் ஏற்கப்பட்ட எதிர்காலத்துக்கான ஒப்பந்தத்தில் இதற்கு நாள் குறித்திருக்கிறார்கள். 2030க்குப் பிந்தைய பாதையைப் பற்றி நாடுகள் 2027 செப்டம்பரில் கூடிப் பேசவேண்டும். புதிய பட்டியல் எழுதும்போது ஒவ்வொரு இலக்குக்குப் பக்கத்திலும், அதைப் பராமரிக்கும் செலவை யார் ஏற்பார் என்ற ஒரு வரியையும் சேர்க்கவேண்டும் என்பது என் ஆசை. அந்த வரியைக் கேட்டு எழுதுவதற்கு உங்கள் நாட்டுப் பிரதிநிதிக்கு இப்போதே நேரம் இருக்கிறது.